வானத்து வரத்துக்கால்: வறட்சி ஊர்விட்டு ஊர் எப்படிப் போகிறது?

சிவகங்கைச் சீமையில் கண்மாய் எதுவும் ஒண்டியாக இருப்பதில்லை. மேலைக் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கில் வழிந்து, அந்த மறுகால் வரத்துக்கால் வழியே ஓடிவந்துதான் கீழைக் கண்மாய்க்குத் தண்ணீர் சேரும். அது நிரம்பினால்தான் அதற்கும் கீழே உள்ள ஊர் பிழைக்கும். மேலே ஒன்று நிரம்பாத வருஷத்தில், கீழே உள்ள ஊரில் ஓரளவு மழை பெய்திருந்தாலும் கண்மாய் அரைக் கண்மாயாகவே நிற்கும். தேவகோட்டை, காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தலைக்கு மேலேயும் இப்படி ஒரு சங்கிலி உண்டு. ஓர் ஊரில் பெய்த மழையில் ஒரு பகுதி மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஆவியாகி மறுபடி காற்றில் ஏறுகிறது. காற்று அதை அடுத்த ஊருக்குச் சுமந்து போகிறது. அங்கே அது மழையாகி, அதில் ஒரு பகுதி மறுபடி மேலே ஏறி, அதற்கடுத்த ஊருக்குப் போகிறது. முதல் ஊர் காய்ந்து கிடந்தால் அங்கிருந்து வானத்துக்கு மறுகால் போகாது. அடுத்த ஊர்க்காற்றில் ஈரம் குறையும், மழை குறையும், அந்த ஊரும் காயும். வறட்சி இடம்விட்டு இடம் பரவுவது என்று வானிலை ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான்.

கண்மாய்ச் சங்கிலிக்கும் இதற்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். தரையில் எது மேலை, எது கீழை என்பது மாறாது. வானத்தில் காற்று திரும்பினால் மேலை கீழையாகிவிடும். ஆகவே "பக்கத்து ஜில்லாவில் வறட்சி, நமக்கும் வருமா?" என்று கேட்பதற்கு முன்னால் "இப்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு விடை இரண்டாவதில்தான் இருக்கிறது.

பழந்தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கு வாடை, தெற்கு தென்றல். கொண்டல் என்றால் மழைமேகம் என்றும் பொருள். கோடை என்றால் வெயில் காலம். தமிழ்நாட்டின் மழைக் கணக்கில் பாதி இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

உலகம் முழுவதும் காற்றில் இருக்கும் நீராவி அத்தனையையும் ஒரே நேரத்தில் தண்ணீராக்கித் தரையில் பரப்பினால், சராசரியாக 25 மி.மீ உயரம்தான் வரும். ஓர் அங்குலம். ஆனால் உலகச் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மி.மீ. அப்படியானால் அந்த ஓர் அங்குலச் சரக்கு வருஷத்துக்கு 40 தடவை காலியாகி 40 தடவை நிரம்புகிறது. ஒரு துளி நீராவி காற்றில் தங்குவது சராசரியாக 9 நாள். கடை சின்னது, வியாபாரம் பெரியது. கொள்முதல் ஒரு வாரம் நின்றால் அலமாரி காலி. மேலே உள்ள ஊரின் வறட்சி கீழே உள்ள ஊரில் மாதக்கணக்கில் காத்திராமல் நாள்கணக்கில் தெரிய வருவதற்குக் காரணம் இந்தச் சின்ன இருப்புதான்.

சரக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு கடலிலிருந்து. ஆனால் உலகின் நிலப்பரப்பில் பெய்யும் மழையில் சுமார் 40 சதவீதம், நிலத்திலிருந்தே ஆவியான தண்ணீர். கடலோரத்தில் இந்தப் பங்கு குறைவு. உள்நாட்டுக்குள் போகப்போகக் கூடும். இந்தியாவிலும் பருவத்துக்குப் பருவம் மாறும். தென்மேற்குப் பருவமழை முடியும் செப்டம்பரில் மண் நனைந்து, பயிர் பச்சையாக நிற்கும்போது நிலத்தின் பங்கு உச்சத்தில் இருக்கும். ஜூன் தொடக்கத்தில் மண் காய்ந்திருப்பதால் அது மிகக் குறைவு.

நிலம் எவ்வளவு அனுப்புகிறது என்பதை ஒரு கண்மாயை வைத்துப் பார்க்கலாம். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயிலிருந்து வெயில் நாளில் 6 மி.மீ ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஏக்கர் என்பது ஏறத்தாழ 4 லட்சம் சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ என்பது 1 லிட்டர். ஆக ஒரு நாளைக்கு 24 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 200 நடை தண்ணீர், ஒரே கண்மாயிலிருந்து ஒரே பகலில் சத்தமில்லாமல் மேலே போகிறது. தண்ணீர் கட்டிய நெல்வயலும் ஏறக்குறைய இதே அளவு அனுப்பும். தரிசாகக் கிடக்கும் செம்மண் மேட்டில், கடைசி மழைக்கு இரண்டு வாரம் கழித்து, 1 மி.மீகூடத் தேறாது.

மூன்று ஊர்க் கணக்கு

காற்று வரும் வழியில் மூன்று ஊர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எளிமைக்காக எடுத்தவை. கடலிலிருந்து வரும் காற்றில் 100 பங்கு ஈரம். ஒவ்வோர் ஊரும் தன் மேல் வரும் ஈரத்தில் ஐந்தில் ஒரு பங்கை மழையாக வாங்கிக்கொள்கிறது. வாங்கியதில் முக்கால்வாசியை ஆவியாகத் திருப்பிக் காற்றிலேயே விடுகிறது.

நல்ல வருஷம்: முதல் ஊரில் மழை 20, திரும்பிப் போனது 15. காற்றில் மிச்சம் 95. இரண்டாம் ஊரில் மழை 19, திரும்பியது 14¼. மிச்சம் 90¼. மூன்றாம் ஊரில் மழை 18.

மண் காய்ந்த வருஷம்: கடலிலிருந்து வருவது அதே 100 என்றே வைப்போம். ஆனால் காய்ந்த மண்ணும் வாடிய இலையும் முன்பு திருப்பியதில் பாதியைத்தான் திருப்புகின்றன. முதல் ஊரில் மழை அதே 20, திரும்பியது 7½. மிச்சம் 87½. இரண்டாம் ஊரில் மழை 17½, திரும்பியது 6½ சொச்சம். மிச்சம் 76½. மூன்றாம் ஊரில் மழை 15 சொச்சம்.

முதல் ஊருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. இரண்டாம் ஊருக்கு 8 சதவீதம் குறைவு. மூன்றாம் ஊருக்கு 15 சதவீதம் குறைவு. கடல் தன் பங்கைக் குறைக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இடையில் இருந்த மண் மட்டும் மறுகாலை நிறுத்தியது. சங்கிலி நீள நீளக் கடைசி ஊரின் கை வறளுகிறது.

உண்மை நிலவரம் இந்தக் கணக்குக்கு அதிகத் தூரத்தில் இல்லை. வறண்ட நிலங்களில் அண்மைக் காலத்தில் வந்த 40 பெரும் வறட்சிகளை எடுத்துக்கொண்டு, காற்று வரும் பக்கத்து மண் காய்ந்ததால் மட்டும் மழை எவ்வளவு குறைந்தது என்று பார்த்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. சில வறட்சிகளில் இதனால் மட்டும் மழை 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. தனித்தனி மாதங்களில் 30 சதவீதம் வரை போனது.  ஆனால் மழைக் குறைவு முழுவதுக்கும் இதுவே காரணம் இல்லை. பரவல் வறட்சியை நீட்டும், அகலப்படுத்தும். தொடங்கிவைப்பது பெரும்பாலும் வேறொன்று.

ஈரம் குறைந்தால் மழை அதே விகிதத்தில் குறையுமா?

இல்லை, அதைவிட மோசமாகக் குறையும். பலரும் தவறவிடும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் 0.68 யூனிட். நெல்வயல் ஒரு நாளைக்கு 5 மி.மீ ஆவியாக்கினால் சதுர மீட்டருக்கு 3.4 யூனிட் வெயிலைத் தின்கிறது. ஒரு சென்ட் நிலத்துக்கு 137 யூனிட். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குத் தமிழ்நாடு அரசு 2016-இல் அறிவித்த இலவச மின்சாரம் 100 யூனிட். அதைவிட அதிகமான வெப்பத்தை ஒரு சென்ட் பச்சை வயல் ஒரே நாளில் விழுங்கிவிடுகிறது. அந்த வயல் காய்ந்தால் வெயில் குறையப்போவதில்லை. விழுங்கப்பட வேண்டிய வெப்பம் மண்ணைச் சுட்டு, காற்றைச் சுடுகிறது. ஆகவே காய்ந்த ஊரிலிருந்து கிளம்பும் காற்றில் ஈரமும் குறைவு, சூடும் அதிகம். இரண்டும் சேர்ந்து அடுத்த ஊரில் மூன்று காரியம் செய்கின்றன.

ஒன்று, மேகத்தின் அடிவயிறு உயர்ந்துவிடுகிறது. தரைக்காற்று மேலே ஏறி எந்த உயரத்தில் மேகமாகத் தொடங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை கிடைக்கும். பனிநிலை என்றால், காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிரவைத்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாக இறங்குமோ அந்த அளவு. கைப்பேசி வானிலைச் செயலிகளில் டியூ பாயிண்ட் என்று இருப்பது இதுதான். ஒரு மாலையில் வெப்பம் 34, பனிநிலை 24 என்றால் வித்தியாசம் 10, மேகத்தின் அடி 1250 மீட்டரில். மேற்கே காய்ந்த வருஷத்தில் வெப்பம் 38, பனிநிலை 18 என்றால் வித்தியாசம் 20, அடி 2500 மீட்டரில். அவ்வளவு உயரம் ஏறக் காற்றுக்குத் தெம்பு இருக்காது. பல நாள் மேகமே கட்டாது.

இரண்டு, கட்டிய மேகத்திலிருந்து விழும் துளி 2500 மீட்டர் வறண்ட காற்றைக் கடந்து வரவேண்டும். வழியிலேயே வற்றிவிடும். தூரத்தில் மழைக்கால் இறங்குவது தெரியும். கறுப்பாகத் தொங்கும், தரையைத் தொடாது. இடியும் காற்றும் புழுதியும் மட்டும் வந்து போகும்.

மூன்று, காற்றின் தாகம் கூடுகிறது. மேலே சொன்ன நல்ல மாலையில் காற்று இன்னும் உறிஞ்சக்கூடிய நீராவியின் அளவு, அழுத்தக் கணக்கில் சொன்னால், 23 மில்லிபார். கெட்ட மாலையில் 46. அதாவது இந்த ஊர்க் கண்மாயிலும் கிணற்றடிக் கத்தரிச் செடியிலும் மிச்சமிருக்கும் ஈரத்தை இரண்டு மடங்கு வேகத்தில் இழுக்கும் காற்று மேற்கிலிருந்து வந்து நிற்கிறது. வயல் இன்னும் ஈரமாக இருந்தால் ஆவியாதல் முதலில் கூடும். பிறகு மண் காய்ந்து அதுவும் நின்றுவிடும். அப்போது இந்த ஊரும் அடுத்த ஊருக்குச் சூடான, வறண்ட காற்றை அனுப்பத் தொடங்கும்.

ஆடியில் மேலைக் கண்மாய் எது?

காரைக்குடியிலிருந்து நேர் மேற்கே கோடு போட்டால் 275 கி.மீ தூரத்தில் கொச்சிக் கடற்கரை. கிழக்கே தொண்டிக் கடல் 45 கி.மீதான். கடல் பக்கத்தில் இருந்தும் ஜூன் முதல் செப்டம்பர் வரை செட்டிநாட்டுக்கு வரும் காற்று பெரும்பாலும் அந்தத் தூரத்துக் கடலிலிருந்து, மலையைத் தாண்டி வருகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 36 கி.மீ வேகம் என்று வைத்தால் கொச்சியிலிருந்து காரைக்குடி வர எட்டு மணி நேரம்கூட ஆகாது. காலையில் இடுக்கிக் காட்டுக்கு மேலே இருந்த காற்று மாலையில் குன்றக்குடி மலைக்கு மேலே.

கேரளத்தில் இந்த நான்கு மாதங்களில் சராசரி மழை 2000 மி.மீ அளவுக்கு. தமிழ்நாட்டுக்கு 330 மி.மீ சுமார். மலையேறும்போது காற்று தன் சரக்கில் பெரும்பகுதியை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 டிகிரி சூடாகிறது. அதனால்தான் ஆடிக்காற்று அம்மியைப் பறக்கவைக்கிற அளவுக்கு வீசினாலும் மழையைக் கொண்டுவருவதில்லை என்று தோன்றுகிறது. ஆனாலும் ஆடி, ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியோடு பெய்யும் மழை சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கடலை போட்டவனுக்கும் புழுதியில் நெல் விதைத்தவனுக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு பெரிய விஷயம்.

அந்த மழைக்கு ஈரம் எங்கிருந்து? இதை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு கணினி மாதிரி வைத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டது. தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் பெய்யும் மழையில் 25 முதல் 40 சதவீதம், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் இலைகளும் மண்ணும் ஆவியாக்கிய தண்ணீரிலிருந்து வருகிறது. பருவமழை பொய்க்கும் வருஷங்களிலும், பருவத்துக்கு நடுவே மழை ஓய்ந்திருக்கும் நாள்களிலும் இந்தப் பங்கு 50 சதவீதம் வரை போகிறது.

கெட்ட வருஷத்தில் பங்கு ஏன் கூடுகிறது? காடு அதிகமாக அனுப்புகிறது என்று அர்த்தம் இல்லை. கடல் அனுப்புவது குறைந்துவிட்டது, காடு அனுப்புவது அவ்வளவாகக் குறையவில்லை. மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது. போன மாதம் பெய்த மழையை இந்த மாதம் இலை வழியே விடுகிறது. நிறைந்த கண்மாயின் மடையைக் கொஞ்சமாகத் திறந்துவைத்த மாதிரி. புல்வெளியோ தேயிலைத் தோட்டமோ கட்டடமோ அதே இடத்தில் இருந்தால் மழை நின்ற சில நாளில் மடை மூடிவிடும். காட்டின் மடையும் நிரந்தரம் அல்ல. மலையிலேயே இரண்டு மாதம் மழை இல்லாமல் போனால் அங்கே மண்ணும் வற்றி, மரம் இலைத்துளையை மூடிக்கொள்ளும். 2016-இல் கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை 34 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் காடு எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பொறுத்து, கீழே தேனி, திண்டுக்கல், மதுரை, மேலூர், திருப்பத்தூர் என்று வரிசையாக ஈரம் குறையும்.

காட்டு நீராவி முழுதும் தமிழ்நாட்டில் விழுந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பகுதி நம் தலைக்கு மேலே கடந்து வங்கக் கடலுக்குப் போய்விடும். இங்கே விழுவது, மாலையில் கடற்காற்று தொண்டிப் பக்கமிருந்து உள்ளே வந்து, மேற்கிலிருந்து வரும் மேல்காற்றோடு மோதும் நாளில்தான். மோதுகிற இடத்தில் காற்று மேலே எழும்புகிறது. தரையிலிருந்து வானம் வரை நிற்கும் காற்றுத்தூணில் இருக்கும் ஈரம் மொத்தமே 50 மி.மீ சுமார் என்றாலும் சில இரவுகளில் ஒரே இடத்தில் 80, 100 மி.மீ கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடி மேகம் சுற்றுவட்டார ஈரத்தையெல்லாம் இழுத்து ஒரே ஊரில் ஊற்றுகிறது. காரைக்குடியில் தெரு முழங்காலளவு ஓடும், பள்ளத்தூரில் தூறல்கூட இருக்காது.

ஐப்பசியில் காற்று திரும்பிவிட்டது

அக்டோபர் நடுவிலிருந்து கணக்கு தலைகீழ். காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. செட்டிநாட்டுக்கு மேலைக் கண்மாய் இப்போது வங்கக் கடல். கடல் வறண்டுபோகாது. ஆகவே மேற்கு மலையில் எவ்வளவு வறட்சி இருந்தாலும் அடைமழைக் காலத்து மழையை அது நேரடியாகக் குறைக்காது. 

2016 அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் பெய்தது 168 மி.மீ. பெய்ய வேண்டியது 440 சுமார். 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் தென்மேற்குப் பருவத்தில் கேரளமும் காய்ந்தது என்பதால் 'அங்கிருந்து பரவியது' என்று முடிவுகட்டத் தோன்றும். அது தவறு. அந்த ஐப்பசியில் பசிபிக் கடல் லா நினா பக்கம், அதாவது அதன் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் நிலைப் பக்கம், சாய்ந்திருந்தது. இந்தியப் பெருங்கடலில் இந்தோனேசியப் பக்கம் வெதுவெதுப்பு அதிகம். காற்றும் ஈரமும் மேலெழும் இடம் கிழக்கே தள்ளிப்போனது. கடலில் தண்ணீர் குறையவில்லை, இங்கே கொண்டுவரும் காற்றோட்டம் குறைந்தது. வறட்சி இரண்டு இடத்தில் அடுத்தடுத்து வந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியதாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் ஒரே தூரத்துக் காரணமும் இருக்கலாம், தனித்தனிக் காரணமும் இருக்கலாம். காற்றின் திசையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஐப்பசியில் இன்னொன்றும் நடக்கிறது. கிழக்கிலிருந்து காற்று வரும்போது நாம் யாருக்கோ மேலைக் கண்மாய். தேவகோட்டை, காளையார்கோவில் வட்டாரத்துக் கண்மாய்களும் நெல்வயல்களும் நிறைந்து நின்றால் அங்கிருந்து ஏறும் ஈரம் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் போகிறது. நம் கண்மாய்களைத் தூர் எடுக்காமல் விட்டால் குறைவது நம் ஆயக்கட்டு மட்டும் அல்ல. இதே காரணத்தால், "ஊரில் மரம் நட்டால் ஊருக்கு மழை" என்ற பேச்சிலும் ஒரு திருத்தம் வேண்டும். காரைக்குடி மரத்தின் நீராவி ஆடியில் தொண்டிக் கடலுக்குப் போகும், ஐப்பசியில் மதுரைப் பக்கம் போகும். உங்கள் மரத்து மழை பெரும்பாலும் அடுத்தவன் ஊரில்தான். நிழலும் குளிர்ச்சியும் உங்களுக்கு.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நீராவியில் பெயர் எழுதியிருக்காது. ஆனால் எடை வித்தியாசம் உண்டு. தண்ணீர் மூலக்கூறுகளில் சில சாதாரணத்தைவிடக் கனமானவை. மேகம் கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகும்போது கனமானது முதலில் மழையாக விழுந்துவிடும். உள்ளே போகப்போக மழைநீரில் கனமான மூலக்கூறுகள் குறைய வேண்டும். 1970-களில் பிரேசில் விஞ்ஞானி எனேயாஸ் சலாத்தி அமேசான் காட்டில் இதைப் பார்த்தபோது எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. விழுந்த கனமான தண்ணீரை மரங்கள் வேரால் உறிஞ்சி இலை வழியே மறுபடி காற்றில் ஏற்றுகின்றன என்பதுதான் விளக்கம். அமேசானின் மழையில் ஏறக்குறைய பாதி இப்படித் திரும்பச் சுழல்வது என்று அவர் குழு கணக்கிட்டது. இன்றைக்கு இதோடு, ஒரு மழை நாளின் காற்றைக் கணினியில் பின்னோக்கி ஓட்டி அது பத்து நாளுக்கு முன் எங்கே இருந்தது, எந்த இடத்தில் ஈரம் ஏறியது என்று பார்க்கிறார்கள். மண் ஈரத்தை நேரே அளக்க 2009 முதல் ஐரோப்பியச் செயற்கைக்கோளும் 2015 முதல் நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோளும் சுற்றுகின்றன. மேல் 5 செ.மீ மண்ணைத்தான் அவை பார்க்கும். மரவேர் குடிக்கும் ஆழம் அவற்றுக்குத் தெரியாது.

சீமைக் கருவேலம் பற்றி ஒரு வார்த்தை. அது "காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை நிறுத்துகிறது" என்று மேடைதோறும் சொல்கிறார்கள். திசையே தப்பு. எல்லா மரத்தையும் போல அது வேரால் நிலத்தடி நீரை எடுத்து இலையால் காற்றுக்கு விடுகிறது. கண்மாய்க்குள் முளைத்து இடத்தை அடைக்கிறது, நிலத்தடி நீரை இழுக்கிறது, வேறு செடியை வளரவிடாது. வெட்ட இத்தனை காரணம் போதும்.

காய்ந்த மண் எப்போதும் மழைக்குப் பகை என்பதும் முழு உண்மை இல்லை. ஈரமான இடமும் காய்ந்த இடமும் அருகருகே இருந்தால், காய்ந்த இடத்துக்கு மேலே காற்று சூடாகி எழும், ஈர இடத்துக் காற்று அங்கே பாயும். ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் மாலை இடிமழை பல நேரம் சுற்றிலும் ஈரமிருக்கும் காய்ந்த திட்டுக்கு மேலேதான் தொடங்குகிறது. பத்து இருபது கிலோமீட்டர்த் திட்டுக்கு இது பொருந்தும். மாவட்டம் மாவட்டமாகக் காய்ந்து கிடக்கும்போது பாய்ந்து வர ஈரக் காற்றே இருக்காது.

வீட்டிலேயே பார்க்க

நேர்ப்பக்கமுள்ள எவர்சில்வர் பாத்திரம், வாய் விட்டம் 30 செ.மீ, உயரம் 8 செ.மீயாவது. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் ஆவியாகாது. 3 லிட்டர் ஊற்றிக் காலை எட்டு மணிக்கு வெட்டவெளி மண்தரையில், ஒரு பலகை மேல் வையுங்கள். மறுநாள் எட்டு மணிக்கு மிச்சத்தை அளந்து, குறைந்த மில்லிலிட்டரை 71-ஆல் வகுத்தால் ஆவியான மி.மீ. பாத்திரம் பக்கவாட்டிலும் சூடாவதால் 0.7-ஆல் பெருக்கினால் கண்மாய்க்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். 600 மி.லி குறைந்தால் 8½ மி.மீ, கண்மாய்க்கு 6 மி.மீ. மொட்டை மாடியில் வைத்தால் சிமெண்டுச் சூட்டில் கணக்கு எகிறிவிடும். விளிம்பு வரை ஊற்றினால் ஆடிக்காற்றில் சிந்தும். காக்கை குடிக்காமல் அகலக்கண் கம்பிவலை போடுங்கள்.

இலை விடும் தண்ணீரைப் பார்க்க, காலை எட்டு மணிக்கு வேப்பங்கிளை ஒன்றில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையை மாட்டி நூலால் இறுக்கிக் கட்டிப் பதினொரு மணிக்கு அவிழ்த்துவிடுங்கள். பையின் மூலையில் தண்ணீர் நிற்கும். உச்சிவெயில் வரை விட்டால் இலை வெந்துவிடும். மழை பெய்து ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதம் மழையில்லாத பிறகு ஒருமுறை கட்டிப் பாருங்கள்.

பனிநிலைக்குச் செயலி வேண்டும் என்பதில்லை. ஓர் எவர்சில்வர் டம்ளரில் பாதி சாதாரணத் தண்ணீர், உள்ளே வெப்பமானி. ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். டம்ளரின் வெளிப்பக்கம் எப்போது முதலில் மங்குகிறதோ அப்போது உள்ளே எத்தனை டிகிரி என்று பாருங்கள். அதுதான் பனிநிலை. வாயருகே வைத்துப் பார்க்காதீர்கள், மூச்சுக்காற்றின் ஈரமே மங்கவைத்துவிடும். தினம் மாலை நான்கு மணிக்கு, காற்றின் திசையோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மேல்காற்று அடிக்கும் ஆடி நாள்களில் எண் எவ்வளவு, ஆவணியில் கடற்காற்று உள்ளே திரும்பிய மாலையில் எவ்வளவு ஏறுகிறது, மேற்கே மழை ஓய்ந்து மூன்று வாரம் ஆன பிறகு அதே மேல்காற்றில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அந்த நோட்டில் தெரியும். 18-க்குக் கீழே இறங்கிய மாலையில் மழைக்கால் தொங்கினால் கடலையைக் களத்தில் அப்படியே விடலாம். 24-க்கு மேலே நின்று, ஐந்து மணிக்குக் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வந்தால் தார்ப்பாயை எடுத்துவையுங்கள்.